எனக்கு வெளியே நிற்கிற நிச்சயம்

பிற சபைகளிலிருந்து லுத்தரன் சபைக்கு வருகிறவர்களை வழிபாட்டு முறையின் அழகே ஈர்க்கிறது என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். என் அனுபவம் அப்படியன்று. பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்த நான், உபவாச ஜெபங்களில் அருகிலிருந்தவர்கள் பரிசுத்த ஆவியின் அடையாளமாகக் கருதப்படும் அந்நிய பாஷையில் பேசியபோது, எனக்கு அது வாய்க்காததால் என் விசுவாசமே பொய்யோ என்று பல இரவுகள் அழுதிருக்கிறேன். லுத்தரன் சபைக்கு வித்திட்ட ஜெர்மானியச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1529-இல் எழுதிய, விசுவாசத்தைக் கேள்வி-பதிலாகக் கற்பிக்கும் சிறிய ஞானோபதேசத்தில், நம் சொந்த அறிவாலோ பெலத்தாலோ கிறிஸ்துவை விசுவாசிக்க முடியாது, பரிசுத்த ஆவியானவரே சுவிசேஷத்தின் மூலம் நம்மை அழைக்கிறார் என்ற விளக்கத்தை வாசித்த நாளில்தான், அத்தனை காலமும் கிறிஸ்துவை நோக்காமல் என் உள்ளத்தையே துருவிக்கொண்டிருந்தேன் என்பது புரிந்தது. தரங்கம்பாடியில் 1706-இல் ஜெர்மானிய லுத்தரன் மிஷனெரி சீகன்பால்கு வந்திறங்கிய காலந்தொட்டு நம் மண்ணில் இருக்கிற போதனை, எனக்கு நாற்பது வயதில்தான் எட்டியது என்பதில் வருத்தமுண்டு.

லுத்தரன் சபையில் சேர்ந்தபோது எனக்கு மறுஞானஸ்நானம் கொடுக்கவில்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஏற்கெனவே பெற்றதையே ஏற்றுக்கொண்டார்கள். இப்போது திருவிருந்தில் போதகர் என் உள்ளங்கையில் அப்பத்தை வைத்து ‘உனக்காக’ என்று சொல்லும்போது, அன்று என் மனம் எவ்வளவு வறண்டிருந்தாலும் அந்தச் சொல் எனக்கே உரியது என்று நம்பி வாங்கிக்கொள்கிறேன்.