மைக்கை ஏன் வாங்கினீர்கள்?

நம் வேலூரில் இலங்கை அகதிகள் கதையை நாடகமாகப் போட்ட ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டீர்கள், வீடியோவும் சுற்றிவிட்டது. நாடகம் பிரமாதம், லைட்டிங் பிரமாதம், படகு சீனில் பாதிப் பேர் அழுதார்கள். சரி. இலங்கையிலிருந்து நிஜமாகவே படகில் வந்த அக்கா மேடையேறி, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் அகதி முகாமில் இறங்கிய நாளைச் சொல்ல ஆரம்பித்ததும் ஏன் மைக்கை வாங்கினீர்கள்? சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டுமாம்.

"நேரமில்லை தோழர்" என்கிறார்கள். நன்றியுரையில் நாற்காலி கொடுத்தவர் பெயர் வரைக்கும் சொல்ல நேரம் இருந்ததே!

நாடகத்தை நான் குறை சொல்லவில்லை, பசங்க உழைத்திருக்கிறார்கள். யாருடைய கதையை ஆடுகிறீர்களோ அவரைப் பேச விடுங்கள், பேசி முடிக்க விடுங்கள், அவ்வளவுதான். கலைஞனுக்குச் சுதந்திரம் இல்லையா என்று ஒருவர் கேட்கிறார். தாராளமாக. ஆனால் கதைக்குச் சொந்தக்காரர்களே ஆடியதும் உண்டு. 1860-ல் தொடங்கி தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களில் நம் வட ஆற்காட்டு ஜனமும் உண்டு. கூத்தையும் திரௌபதி அம்மனையும் கூடவே கொண்டுபோய், அங்கே அவர்களே வேஷம் கட்டி ஆடினார்கள். அவர்களுக்காக உருகி உருகி யாரும் ஸ்கிரிப்ட் எழுதித் தரவில்லை.

நம் ஊரில் ராஜாவாக இருந்தால் கதையே வேறு. கண்டியின் கடைசி ராஜாவைப் பிடித்து வந்து வேலூர்க் கோட்டையில் அடைத்தார்கள், 1832-ல் இங்கேயே இறந்தார், பாலாற்றங்கரையில் முத்துமண்டபம் இருக்கிறது. அதே இலங்கையிலிருந்து கட்டிய துணியோடு வந்தவருக்கு ஐந்து நிமிஷம் கிடையாது.

இதில் எனக்கென்ன இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். என் தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போனவர். 3 கிலோமீட்டருக்கும் கீழே போகிற சுரங்கம் அது. 2001-ல் மூடியதும் நாங்கள் ஊர் திரும்பினோம், சொந்தக்காரர்களுக்கே 'கோலார்க்காரங்க' ஆனோம். ராத்திரியில் பாறை வெடித்துத் தரை அதிரும், அலமாரிப் பாத்திரம் உருளும், லைன் வீட்டுப் பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து யார் யார் ஷிஃப்டில் கீழே இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு நிற்பார்கள். இதை அம்மா சொல்ல வாயெடுத்தாலே "ஆரம்பிச்சிட்டாங்கப்பா தங்கவயல் புராணம்" என்று ஒரு சிரிப்பு கிளம்பும். அம்மாவும் கூடச் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். இப்போது நானே உட்கார்ந்து கேட்டாலும் "அதெல்லாம் எதுக்குடா, விடு" என்கிறாள்.

அப்புறம் அந்த இன்னொரு கமெண்ட். "தமிழன் கதை சரி, நாளைக்கு வடக்கத்தியானையும் மேடையேத்துவீங்களா?" ஏத்துவோம், என்ன இப்போ? சிஎம்சி ஆஸ்பத்திரிக்குக் காசோடு வருகிற வங்காளிக்கு காந்தி ரோடு முழுக்க அவன் எழுத்திலேயே போர்டு வைக்கத் தெரிகிறது, லாட்ஜ்காரர் அவன் பாஷையிலேயே பேரம் பேசுகிறார். சென்ட்ரிங் வேலைக்கு வந்த பையனிடம் மட்டும் பெயர்கூடக் கேட்பதில்லை, எல்லாரும் 'பையா'தான். 2023-ல் பீகார் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவினபோது, அவர்களில் ஒருத்தரிடமாவது நின்று பேசிப் பழகியிருந்தால் நமக்கே எவ்வளவு உதவியாக இருந்திருக்கும். வேலையைப் பறிக்கிறார்கள் என்பீர்கள். அது தனிச் சண்டை, இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

அமைப்பாளர்கள் 'மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்' என்று போட்டிருக்கிறார்கள். புண்பட்டிருந்'தால்'! அந்த அக்காவுக்கு முகநூலே கிடையாது, யார் படிக்கப் போட்டீர்கள்? அவர் இப்போது இருக்கிற முகாம் என்ன, டவுனிலிருந்து பஸ் போகாத இடமா?

நான் எந்தக் கட்சி என்று கீழே வந்து கேட்கப் போகிறவர்கள் கேளுங்கள். அதற்கு முன்னால், அவரைப் போய்ப் பார்த்தது உங்களில் யார் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.