பாண்டுக்கு இனி ‘வேண்டாம்’ சொல்லப்போவது யார்?

2025 அக்டோபர் தொடக்கத்தில் அமேசானின் பிரைம் வீடியோவில் பழைய ஜேம்ஸ் பாண்ட் படங்களின் முகப்புப் படங்களை மாற்றினார்கள். பார்த்தவர்களுக்கு ஏதோ இடித்தது. ‘டாக்டர் நோ’வில் ஷான் கானரி கையில் துப்பாக்கியைக் காணோம். ‘கோல்டன்ஐ’யில் பியர்ஸ் பிராஸ்னனும் வெறுங்கை. கொலை செய்ய அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்த ஆளிடம் இருந்து, யாரோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆயுதத்தைப் பறிமுதல் செய்திருக்கிறார்கள். ரசிகர்கள் கத்தியதும் அவற்றை எடுத்துவிட்டு, படங்களில் இருந்தே சில காட்சிகளைப் போட்டார்கள். அவற்றிலும் துப்பாக்கி இல்லை!

சின்ன விஷயம்தான். ஆனால் ஒருவர் செய்து, இன்னொருவர் பார்த்து, மூன்றாமவர் சரி சொல்லித்தானே இது வெளியே வந்திருக்கும்? அந்த வரிசையில் ஒருத்தர்கூட “இது என்ன கூத்து?” என்று கேட்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தல். அறுபது வருஷமாக அப்படிக் கேட்கிற வேலையை ஒரு குடும்பம் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆல்பர்ட் பிராக்கோலியும் ஹாரி சால்ட்ஸ்மனும் 1961இல் ஆரம்பித்த ஈயான் நிறுவனம், 1962இல் இருந்து 2021 வரை எடுத்தது 25 படங்கள். ஆறே ஆறு பாண்டுகள். சால்ட்ஸ்மன் 1975இல் பணமுடையில் தன் பங்கை யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற ஹாலிவுட் ஸ்டுடியோவிடம் விற்க, அது பிறகு இன்னொரு ஸ்டுடியோவான எம்ஜிஎம் கைக்குப் போனது. எம்ஜிஎம்மை 2022இல் 845 கோடி டாலருக்கு அமேசான் வாங்கிப்போட்டது. அப்போதும் அவர்களால் சொந்தமாக ஒரு ஷாட் எடுக்க முடியவில்லை. கதை என்ன, யார் டைரக்டர், யார் பாண்ட் என்று முடிவு செய்யும் உரிமை ஆல்பர்ட்டின் மகள் பார்பராவிடமும் அவருடைய அண்ணன் மைக்கேல் வில்சனிடமும் இருந்தது. வீட்டை வாங்கியாகிவிட்டது, சாவி மட்டும் பழைய ஓனர் இடுப்பில் என்கிற கதை. 2025 பிப்ரவரியில் அந்தச் சாவியும் கைமாறியது. பங்குதாரர்களாக அண்ணனும் தங்கையும் தொடர்கிறார்கள், அவ்வளவுதான். அன்றைக்கே அமேசானைத் தொடங்கிய ஜெஃப் பெசோஸ் எக்ஸ் தளத்தில், அடுத்த பாண்டாக யாரைப் போடலாம் என்று ஊரைக் கேட்டார்.

ஊரைக் கேட்டுத்தான் முடிவெடுப்பது என்றால் டேனியல் கிரெய்க் வந்திருக்கவே மாட்டார். 2005இல் அவர் பெயரை அறிவித்தபோது, முடி பொன்னிறமாக இருக்கிறது, பாண்டுக்கான களை இல்லை என்று இணையத்தில் தனியாகத் தளம் தொடங்கித் திட்டினார்கள். பார்பரா அசையவில்லை. அவர் பிடித்த பிடி, 2012இல் ‘ஸ்கைஃபால்’ நூறு கோடி டாலர் வசூலைத் தாண்டுகிற வரை கொண்டுபோனது.

அமேசானோடு நடந்த ஒரு கூட்டத்தில், அங்கிருந்த பெரிய அதிகாரி ஒருவர் பாண்டைக் ‘கன்டென்ட்’ என்று குறிப்பிட்டதாகவும், அது பார்பராவுக்குச் சுருக்கென்று தைத்ததாகவும் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. குடம் குடமாக ஊற்றுகிற தண்ணீருக்கும் அந்தச் சொல் பொருந்தும்.

அதற்காக அந்தக் குடும்பத்தைக் கோயில் கட்டிக் கும்பிடவும் நான் தயாரில்லை. 2002இல் ‘டை அனதர் டே’வில் கண்ணுக்கே தெரியாத காரை ஓட்டவிட்டது அவர்கள்தான். அதே படத்தில் ஹாலி பெர்ரி செய்த ஜிங்ஸ் பாத்திரத்துக்குத் தனிப்படம் எடுக்க ஆசைப்பட்டதும் அவர்கள்தான். அன்றைக்கு ‘வேண்டாம்’ சொன்னது எம்ஜிஎம்! ஆக, யார் சொல்கிறார்கள் என்பதுகூட முக்கியமில்லை, சொல்ல ஒருவர் இருந்தார். அப்புறம் 2021இல் பாண்டைக் கொன்றே முடித்தார்கள். ஏவுகணை விழுந்து செத்தவனை எப்படித் திரும்பக் கூட்டி வருவது என்று தெரியாமல் வருஷக்கணக்கில் கையைப் பிசைந்துகொண்டிருந்ததையும் பார்த்தோம்.

என் பயம் மோசமான படம் வந்துவிடும் என்பதில்லை. மோசமான பாண்ட் படங்களைப் பார்த்துப் பார்த்து நமக்குத் தோல் தடித்துவிட்டது. நிறைய வந்துவிடுமே என்பதுதான் கவலை. அமேசான் ஏற்கெனவே சொந்தமாக ஓர் உளவு உலகம் கட்டிப் பார்த்தது. 2023இல் பிரியங்கா சோப்ராவை வைத்து ‘சிட்டடெல்’. தாய்த்தொடர் வேர் பிடிக்கும் முன்பே அதற்கு இத்தாலியில் ஒரு கிளை, இந்தியாவில் நம்ம சமந்தா நடித்து இன்னொரு கிளை. 2025இல் இரண்டு கிளைகளையும் வெட்டிவிட்டார்கள். சமந்தா சண்டை போட்டது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சிட்டடெல் என்ற பெயரைக் கேட்டதும் உங்களுக்கு ஒரு காட்சி, ஒரு ட்யூன் ஞாபகம் வருகிறதா? ‘ஸ்டார் வார்ஸை’ வாங்கிய டிஸ்னியும் 2015 முதல் 2019 வரை வருஷத்துக்கு ஒன்றாக ஐந்து படங்களை இறக்கிவிட்டு, அதன்பிறகு பல வருஷம் தியேட்டர் பக்கமே வரவில்லை.

பாண்டுக்குக் கெடு வேறு இருக்கிறது. பாண்டை நாவல்களில் படைத்த இயான் ஃபிளெமிங் இறந்தது 1964இல். பிரிட்டனில் அவர் நாவல்களின் காப்புரிமை 2034 கடைசியில் முடிகிறது. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள்தான் கணக்கு என்பதால், அவர் உயிரோடு இருந்தபோது வெளியான நாவல்கள் 2025 பிறந்தபோதே பொதுச்சொத்தாகிவிட்டன. (நாம் காப்புரிமைக்கெல்லாம் காத்திருந்தோமா என்ன? ஜெய்சங்கரைத் ‘தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்’ ஆக்கியது அறுபதுகளிலேயே!) அந்த இசையும், துப்பாக்கிக் குழல் வழியாகப் பார்க்கும் தொடக்கக் காட்சியும் சினிமாக்காரர்களின் சொத்து, அவற்றை யாரும் தொட முடியாது. ஆனால் கெடு நெருங்க நெருங்க, அதற்குள் கறந்துவிட வேண்டும் என்று அவசரம் வரும். போட்ட 845 கோடி டாலரும் சும்மா இருக்க விடாது.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த படத்துக்கு ஆட்களைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள். தயாரிப்புக்கு ஏமி பாஸ்கலும் ஹாரி பாட்டர் படங்களை எடுத்த டேவிட் ஹேமனும், எழுத ‘பீக்கி பிளைண்டர்ஸ்’ ஸ்டீவன் நைட், இயக்க டெனி வில்நெவ். ஒரு ஆள் தூரத்தில் நடந்து வருவதையே இரண்டு நிமிஷம் காட்டி நம்மை நுனி சீட்டில் உட்கார வைப்பவர் வில்நெவ். சின்ன வயதில் அப்பாவோடு பாண்ட் படம் பார்த்து வளர்ந்ததாக அவர் சொன்னதும், எனக்கு என் அப்பா ஞாபகம் வந்துவிட்டார்.

அப்பாவுக்கு பாண்ட் என்றால் ‘ஆக்டோபஸி’. ரோஜர் மூருக்காக இல்லை, நம்ம மெட்ராஸ் விஜய் அமிர்தராஜுக்காக. பாம்பாட்டி வேஷத்தில் உட்கார்ந்துகொண்டு மகுடியில் பாண்ட் ட்யூனையே வாசித்து மூருக்குச் சிக்னல் கொடுப்பார். பிறகு ஆட்டோ ஓட்டிக்கொண்டே டென்னிஸ் மட்டையால் அடியாட்களை வெளுப்பார். டிவியில் எப்போது போட்டாலும் அப்பா, “ஃபோர்ஹேண்ட் பாருடா” என்பார். 1983இல் வந்த படம். அந்த விஜய்க்கு முன்கதை கிடையாது, தனித்தொடர் கிடையாது. பாதிப் படத்திலேயே செத்துப்போவார். அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

அடுத்த பாண்ட் யார் என்பது எனக்கு இரண்டாம்பட்சம். மூன்று வருஷத்துக்கு ஒரு படம், தியேட்டரில். வில்நெவ் படத்துக்கு முதல் நாளே டிக்கெட் போடுவேன். ஆனால் பாண்டின் மேலதிகாரிக்குச் செயலாளராக வரும் மனிபென்னியை வைத்து ‘இளம் மனிபென்னி, எட்டு எபிசோடுகள்’ என்று என்றைக்காவது போஸ்டர் வந்தால், தயவுசெய்து என்னை டேக் செய்யாதீர்கள்.