சின்னக் கல்யாணம் என்றால் யாருக்குமே புரியாதா?

"நெருங்கிய குடும்பம் மட்டும்தான், சின்னதாகச் செய்கிறோம்" என்று எத்தனை முறைதான் சொல்வது? முடிவெடுத்தது மகளும் மாப்பிள்ளையும். பட்டியல் போட்டதும் அவர்கள்தான், பணம் போடுவதும் அவர்கள்தான். ஆனால் போன் மட்டும் எனக்கு வருகிறது! "எங்களை விட்டுவிட்டீர்களே" என்று ஒருவர். "என் நாத்தனாரையும் கூட்டி வரட்டுமா" என்று இன்னொருவர். வருடக்கணக்கில் ஒரு நலம் விசாரிப்பு கிடையாது, இப்போது மட்டும் எங்கிருந்து வருகிறது இவ்வளவு கோபம்?

சரி, அழைத்தவர்களாவது ஒழுங்காகப் பதில் சொல்கிறார்களா? "பார்க்கலாம்" என்கிறார்கள். பார்க்கலாம் என்றால் வருவீர்களா, மாட்டீர்களா? பெரிய மண்டபத்தில் நாலு பேர் கூடினாலும் குறைந்தாலும் தெரியாது. சின்ன இடத்தில் ஒவ்வொரு நாற்காலிக்கும் கணக்கு உண்டு. சமையல்காரருக்கு முன்கூட்டியே எண்ணிக்கை சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகு நீங்கள் வராவிட்டாலும் காசு போனது போனதுதான்.

அப்புறம் அறிவுரை. "ஒரே பெண், இப்படியா செய்வது? நாலு பேர் என்ன நினைப்பார்கள்? அம்மா நீதானே எடுத்துச் சொல்லணும்?" என்னத்தை எடுத்துச் சொல்ல? தெரியாத முகங்களைப் பார்த்து மணிக்கணக்கில் சிரித்துக்கொண்டு நிற்க அவளுக்குப் பிடிக்கவில்லை. தன்மேல் பாசம் உள்ளவர்கள் பக்கத்தில் இருந்தால் போதும் என்கிறாள். இதில் என்ன தப்பு? எனக்கு அவளை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது.

கல்யாணம் அவளுடையது. பட்டியல் மாறாது. தயவுசெய்து என்னிடம் சிபாரிசுக்கு வராதீர்கள்!