உண்ணி நாயின் மேல் மட்டும் இல்லை

வெயில் காலம் தொடங்கிவிட்டால் நாய் வளர்ப்போர் குழுக்களில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: உண்ணிக்கு எந்த மருந்து நல்லது? அதற்கு வரும் பதில்கள் எனக்குக் கவலை தருகின்றன. ஒருவர் மாட்டுக்கு அடிக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டச் சொல்கிறார். இன்னொருவர் மருந்தே வேண்டாம், வேப்பெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துத் தடவினால் போதும் என்கிறார். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

நம் ஊர் நாய்களிடம் பரவலாகக் காணப்படும் பழுப்பு உண்ணி, தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் உடலில் கழிப்பதில்லை. குஞ்சாக ஒருமுறை, இளம்பருவத்தில் ஒருமுறை, வளர்ந்தபின் ஒருமுறை என்று நாயின் மேல் ஏறிச் சில நாள்கள் இரத்தம் குடித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் கீழே இறங்கிவிடுகிறது. ஆமணக்கு விதைபோல் உப்பிய பெண் உண்ணி சுவர் வெடிப்பிலோ கதவு நிலையின் இடுக்கிலோ புகுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்ட பிறகே சாகிறது. நாய் படுக்கும் மூலையில் டார்ச் அடித்துப் பார்த்தால், சுவரும் தரையும் சேரும் கோட்டில் அவை வரிசையாக ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். அந்த வெடிப்பைச் சிமென்ட் பூசி அடைப்பதும், படுக்கைத் துணியைக் கொதிநீரில் அலசி நல்ல வெயிலில் காயப்போடுவதும், காதுமடலின் உட்புறத்தையும் கால்விரல் இடுக்கையும் அன்றாடம் விரலால் தடவிப் பார்ப்பதும்தான் முதல் வைத்தியம். கண்ணில் பட்ட உண்ணியை நசுக்காமல், தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும்.

இவ்வளவு செய்தும் உண்ணி குறையாவிட்டால் மருந்து தேவைதான். உண்ணி கடித்து நாய்க்கு வரும் உண்ணிக் காய்ச்சல் எளிய நோயன்று; தீனியை வெறுத்து, ஈறு வெளுத்து, மூக்கில் இரத்தம் கசியும் நிலைக்கு வந்த நாயைக் காப்பாற்றுவது கடினம். ஆனால் மருந்து எது, எவ்வளவு என்பதை நாயின் எடையைப் பார்த்துக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். வீட்டில் பூனையும் இருந்தால் அதையும் மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள். நாய்களின் கழுத்தில் விடும் சில சொட்டு மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூனையின் உயிரையே பறிக்கும்; அதை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குப் போதாது. கற்பூரமும் பூனைக்கு நஞ்சுதான். இயற்கைப் பொருள் என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானதாகிவிடாது.

கழுத்தில் விடும் அந்தச் சில சொட்டுகள் நாயோடு நின்றுவிடுவதுமில்லை. இங்கிலாந்தின் 20 ஆறுகளில் 2016 முதல் 2018 வரை எடுத்த நீர் மாதிரிகளைச் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, 98 விழுக்காடு மாதிரிகளில் இத்தகைய சொட்டு மருந்துகளில் சேரும் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி இருந்தது. அந்நாட்டு வயல்களில் அதன் பயன்பாடு மிகக் குறைவு. செல்லப் பிராணிகளுக்குத் தடவும் மருந்திலிருந்தே அது வந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள். மீனுக்கு உணவாகும் நீர்ப்பூச்சிகளை இந்த மருந்து மிகச் சிறிய அளவிலேயே கொன்றுவிடும். நம் ஊரில் இப்படியொரு கணக்கெடுப்பு நடந்ததாக நான் படித்ததில்லை என்றாலும், மருந்து போட்ட கையோடு நாயை ஏரியிலும் வாய்க்காலிலும் இறக்கிக் குளிப்பாட்டும் பழக்கத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பல சொட்டு மருந்துகளுக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் கூடாது என்றுதான் உறையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். தண்ணீரில் இறக்கினால் மருந்தும் வீண், ஏரியும் பாழ்.

மருந்து போட்ட நாயைச் சீவும்போது உதிரும் முடியையும் தோட்டத்தில் வீசிவிடாதீர்கள். பறவைகள் அதைக் கூடு கட்ட எடுத்துச் செல்கின்றன. அதே பல்கலைக்கழகத்தார் பரிசோதித்த பட்டாணிக் குருவி இனப் பறவைகளின் கூடுகள் அனைத்திலும் ஃபிப்ரோனில் இருந்தது. முடியைக் காகிதத்தில் மடித்துக் குப்பை வண்டியில் சேர்த்துவிடுங்கள். காலி மருந்துக் குப்பியையும் சாக்கடையில் கழுவாமல், தனியே கட்டி, மருந்துக் குப்பி என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள்.