அழித்துவிடுங்கள் என்றுதான் கேட்டேன்

அந்த 40 விநாடி வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சனிக்கிழமையிலிருந்து தருமபுரியில் அது போகாத வாட்ஸ்அப் குழு இல்லை. ஜெராக்ஸ் கடை வாசலில் நான் கையை நீட்டிப் பேசுகிறேன், கடைக்காரர் வாய் திறக்காமல் நிற்கிறார், வரிசையில் நிற்கும் ஒருவர் "வழியை விடப்பா" என்கிறார். அவ்வளவுதான். அதற்கு முன் கடைக்குள் நடந்த பத்து நிமிடம் அதில் கிடையாது. 'படித்த திமிர்' என்று எழுதினீர்கள். 'ஏழை வயிற்றில் அடிக்கிறான்' என்று எழுதினீர்கள். என் அம்மாவின் கைபேசிக்கே அது வந்து சேர்ந்தது. அம்மா திட்டவில்லை. "குரலைக் கொஞ்சம் தாழ்த்திப் பேசியிருக்கலாமே கண்ணு" என்று மட்டும் கேட்டார். நான்கு நாட்களாக என்னை உறுத்துவது அந்த ஒரு வரிதான்.

நான் கேட்டது என்ன என்பதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். "அண்ணா, பிரின்ட் எடுத்தாகிவிட்டது. அந்தக் கோப்புகளை அழித்துவிடுங்கள்."

இதைத்தான் கேட்டேன். இதை மட்டும்தான் கேட்டேன்.

அக்கா மகளுக்குக் கல்லூரிச் சேர்க்கை. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் என எல்லாவற்றிலும் இரண்டிரண்டு நகல் வேண்டும். பென் டிரைவில் கொண்டு போயிருந்தேன். "பென் டிரைவெல்லாம் போட மாட்டோம், வைரஸ் வரும், வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்" என்றார்கள். அனுப்பினேன். கடையில் வேலை பார்க்கும் தம்பி கணினியில் அதைத் திறந்தபோது திரை என் பக்கம் திரும்பியிருந்தது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஆதார் அட்டைகள், பான் அட்டைகள், பாஸ்போர்ட் அளவுப் படங்கள், பட்டா, சிட்டா, யாரோ ஒரு பெண்ணின் மருத்துவமனைப் பரிசோதனை முடிவு. கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. ஓரத்தில் எண்ணிக்கை 4,000-ஐத் தாண்டியிருந்தது. இரண்டு வருடத்துக் கோப்புகள். இந்தப் பக்கம் நின்ற என்னால் பெயரையும் பிறந்த தேதியையும் படிக்க முடிந்தது.

அந்தக் குவியலில் என் அக்கா மகளின் படமும் போய் விழுந்தது. அப்போதுதான் கேட்டேன். அந்தத் தம்பி, "ஒவ்வொருவருக்கும் அழித்துக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா அண்ணா" என்றான். முதலாளியிடம் கேட்டேன். "இருந்துவிட்டுப் போகட்டுமே, மறுபடி நகல் வேண்டுமென்று வந்தால் உதவும்" என்றார். மூன்றாவது முறை கேட்டபோது, "நீ என்ன கலெக்டரா?" என்றார். அதன் பிறகுதான் என் குரல் உயர்ந்தது. உயர்ந்ததை மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்குக் கிடைத்தது அந்த 40 விநாடி மட்டும்தான்.

இனி எனக்கு வந்த கேள்விகளுக்கு வருகிறேன்.

"ஆதார் எண்ணை வைத்துக்கொண்டு எவனும் ஒன்றும் செய்ய முடியாது" என்று ஓர் ஆசிரியர் எழுதியிருந்தார். ஐயா, உங்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவராக இருந்த ஆர்.எஸ். சர்மாவும் 2018 ஜூலையில் இப்படித்தான் நினைத்தார். தன் ஆதார் எண்ணை ட்விட்டரில் போட்டு, முடிந்தால் எனக்குக் கெடுதல் செய்து காட்டுங்கள் என்றார். சில மணி நேரத்தில் அவருடைய கைபேசி எண், பிறந்த தேதி, முகவரி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்கள். அவை வேறு இடங்களில் கிடைத்தவை, எனக்குக் கெடுதல் எதுவும் நேரவில்லை என்று அவர் சொன்னார். இருக்கட்டும். அடுத்த சில நாட்களிலேயே, ஆதார் எண்ணைப் பொதுவெளியில் போடாதீர்கள் என்று ஆதார் ஆணையமே மக்களைக் கேட்டுக்கொண்டதே, ஏன்? அவர் டெல்லியில் இருந்த உயர் அதிகாரி. ஏதாவது நடந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் பத்துப் பேர் ஓடி வருவார்கள். என் சித்திக்கு யார் வருவார்கள்?

சித்தியைப் பற்றி எழுதக் கூடாது என்றிருந்தேன். எழுதிவிடுகிறேன். பென்னாகரம் பக்கம் ஒரு சிற்றூர். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். பட்டன் போன் வைத்திருக்கிறார், அதிலும் அழைப்பை எடுக்க மட்டும்தான் தெரியும். 2024-ல் ஒரு நாள் வெளி மாநிலக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு. சித்தி பெயரில் இருக்கும் எண்ணிலிருந்து யாரையோ ஏமாற்றிப் பணம் பறித்திருக்கிறார்கள் என்றார்கள். அவர்கள் பேசிய இந்தி சித்திக்குப் புரியவில்லை, 'போலீஸ்' என்ற சொல் மட்டும் புரிந்தது. இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் போய் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்தேன். அவர் பெயரில் ஐந்து இணைப்புகள். சித்தி வாழ்நாளில் வாங்கியது ஒரே ஒரு சிம். மற்ற நான்கையும் 'என் எண் அல்ல' என்று பதிவு செய்து துண்டிக்க வைத்தோம். ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்புகள் வரை அனுமதி உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. அந்தத் தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு இன்றே பாருங்கள். அம்மா, அப்பா எண்ணையும் போட்டுப் பாருங்கள்.

அந்த நான்கு சிம்முக்கும் சித்தியின் ஆதார் நகல் எங்கிருந்து போயிற்று? தெரியாது. மேஸ்திரியிடம் கொடுத்ததா, சந்தையில் குடை விரித்து சிம் விற்றவரிடம் கொடுத்ததா, ஜெராக்ஸ் கடையில் இருந்ததா என்று கடைசிவரை தெரியவில்லை. அதைத்தான் சொல்கிறேன். எங்கிருந்து போயிற்று என்று சொல்ல முடியாத அளவுக்கு எல்லா இடத்திலும் இருக்கிறது.

"எங்களிடம் ஒளிக்க ஒன்றுமில்லை, உன்னிடம் என்ன இருக்கிறது?" என்பது அடுத்த கேள்வி. நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். தினமும் வாசலில் என் கைபேசிக் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுகிறார்கள். உள்ளே இருக்கும் ஒரு உதிரி பாகத்தின் வடிவம் வெளியே போய்விடக் கூடாதாம். நியாயம்தான், யாரும் கேள்வி கேட்பதில்லை. இங்கிருந்து அங்கே ஷிப்ட் போகும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளும் தினமும் அந்த ஸ்டிக்கரோடுதான் போய் வருகிறார்கள். ஒரு இரும்புத் துண்டின் படத்துக்கு அந்தக் காவல். அந்தப் பிள்ளைகளின் முகம், கைரேகை எடுத்த அட்டை, வங்கிக் கணக்கு ஆகியவை யாரோ ஒருவரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கலாம். அழித்துவிடுங்கள் என்று கேட்டால் திமிர்.

கணினியைப் பற்றி எனக்குத் தெரிந்ததை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2008-ல் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கு ரயிலில் போய், பழைய பாகங்களை வாங்கி வந்து நானே கணினி பூட்டிக்கொண்டவன். அதில் ஒரு 80 ஜிபி ஹார்டு டிஸ்க். ஃபார்மட் செய்தது, காலியானது என்று சொல்லித்தான் விற்றார்கள். அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருள் ஒன்று இலவசமாகக் கிடைத்தது. விளையாட்டாக ஓட்டிப் பார்த்தேன். இரவு முழுக்க ஓடியது. விடியும்போது திரையில் ஒரு குடும்பமே வந்து நின்றது. குழந்தையின் காதுகுத்துப் படங்கள், தாய்மாமன் மடியில் அது அழும் படம், யாருடையதோ சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம், ஒரு பெண் தன் கணவருக்கு எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதம். முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது, பெரிய வித்தை செய்துவிட்டதாக. கடிதத்தின் இரண்டாவது வரியிலேயே கை நடுங்கிவிட்டது. மூடிவிட்டேன். முழு டிஸ்க்கிலும் பூஜ்யங்களை எழுதி நிரப்பிவிட்டுத்தான் அதைப் பயன்படுத்தினேன். அந்தக் குடும்பத்தின் முகங்கள் இன்றும் நினைவில் இருக்கின்றன. நான் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

அழிப்பது என்றால் என்ன என்று அன்றுதான் புரிந்தது. டெலிட் அழுத்தினால் கோப்பு குப்பைத் தொட்டிக்குப் போகும். தொட்டியைக் காலி செய்தாலும் பழைய வகை ஹார்டு டிஸ்க்கில் பெயர்ப் பட்டியலில் இருந்துதான் நீங்கும். அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை உள்ளடக்கம் இருந்த இடத்திலேயே இருக்கும். அழித்த பிறகே நிலைமை இது. அழிக்கவே மாட்டேன் என்றால்? நாளை அந்தக் கணினி பழுதாகி மூவாயிரம் ரூபாய்க்கு விற்கப்பட்டால், அந்த 4,000 கோப்புகளும் வாங்கியவருக்குத்தான். அது என்னைப் போல் பயந்து மூடுகிறவனாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளலாம். வேறென்ன செய்வது?

ஆதார் பி.டி.எஃப்-க்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்கிறீர்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான் அந்தப் பாஸ்வேர்டு. வாட்ஸ்அப்பில் கோப்பை அனுப்பிய கையோடு அதற்குக் கீழேயே அதையும் அனுப்பிவிடுகிறோம்.

"2011 சட்டப்படி கடைக்காரர் பதிவு வைத்திருக்க வேண்டும்" என்று ஒருவர் விதி எண்ணோடு வந்தார். இந்த ஒருவர்தான் படித்துவிட்டு வந்தவர், நன்றி. அது சைபர் கஃபே விதி. கணினியில் உட்கார்ந்து இணையம் பார்க்க வருபவரின் அடையாளத்தையும் பதிவேட்டையும் ஓராண்டு வைத்திருக்கச் சொல்கிறது, அதையும் பாதுகாப்பாக வைக்கச் சொல்கிறது. நகலெடுக்க வந்தவரின் சாதிச் சான்றையும் பரிசோதனை முடிவையும் வருபவர் போகிறவர் பார்க்கும்படி வைக்கச் சொல்லவில்லை. சரி, அதிகாரிகள் வார்த்தைதான் வேண்டுமென்றால் இதைக் கேளுங்கள். 2022 மே 27-ல் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் அறிவிப்பு கொடுத்தது. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள், பொதுக் கணினியில் இ-ஆதாரைப் பதிவிறக்குவதைத் தவிருங்கள், பதிவிறக்கினால் எல்லா நகல்களையும் அந்தக் கணினியிலிருந்து நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்றது. நான் சனிக்கிழமை சொன்ன அதே வாக்கியம்! இரண்டு நாளில், தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அன்றைக்கும் எனக்கு இப்படித்தான் வலித்தது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன, பெரும்பாலான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். அதுவரை அந்த ஃபோல்டர் வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

ஏழைக் கடைக்காரர் என்ற பேச்சுக்கு மட்டும் என்னால் அமைதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கணினியில் கிடப்பவை யாருடைய அட்டைகள்? பணக்காரர் வீட்டில் பிரின்டர் இருக்கிறது. அரூரிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்தும் பஸ் ஏறி வந்து, ஒரு நகலுக்கு இரண்டு ரூபாய் கொடுத்துவிட்டுப் போகிறவர்களின் அட்டைகள் அவை. அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்க, அவர் அனுப்பிய ஆதார் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு தனியாக வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் அட்டைகள். நான் அவர்களுக்காகக் கேட்டேன் என்று சொல்லமாட்டேன். என் அக்கா மகளுக்காகத்தான் கேட்டேன். ஆனால் அவர்களுடையவையும் அங்கேதான் கிடக்கின்றன.

கடையை மூடச் சொல்லவில்லை. புகார் கொடுக்கவில்லை. கடையின் பெயரை இங்கேயும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். விண்டோஸில் ஸ்டோரேஜ் சென்ஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரு நாள் திறக்கப்படாமல் கிடக்கும் கோப்பைத் தானாக நீக்கும்படி அதில் வைக்கலாம். இரண்டு நிமிட வேலை, ஒரு பைசா செலவில்லை. நானே செய்து தருகிறேன் என்று அன்றைக்கே சொன்னேன். வீடியோவில் கையை நீட்டுகிறேன் அல்லவா, அது கணினியைக் காட்டி இதைச் சொல்லும்போதுதான்.

கடைசியாக ஒன்று. அந்த வீடியோவுக்குக் கீழே, "இவனுக்கு வேறு வேலை இல்லை" என்று முதலில் எழுதியவன் என் நண்பன். பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் பங்கு போட்டு, ஒரே நாற்காலியில் இருவரும் உட்கார்ந்து கவுன்டர் ஸ்ட்ரைக் விளையாடியிருக்கிறோம். போன வருடம் அவன் மனைவியின் வாட்ஸ்அப் எங்கோ ஒரு கணினியில் இணைந்தே கிடந்தபோது, அவள் கைபேசியை அணைத்து வைத்தாலும் அங்கே செய்தி போய்க்கொண்டேதான் இருக்கும் என்று சொல்லி, நள்ளிரவில் அதைத் துண்டித்துக் கொடுத்தவன் நான். இதை எங்கும் சொன்னதில்லை. இப்போதும் அவன் பெயரைச் சொல்லவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டு ஒரு வார்த்தை என்ன நடந்தது என்று கேட்டிருக்கலாம் அவன்.

இன்று புதன்கிழமை. அக்கா மகளின் ஐந்து கோப்புகளும் இன்னும் அந்தக் கணினியில் இருக்கின்றன. நாளை எனக்கு இரண்டாவது ஷிப்ட். காலையில் கடை திறந்ததும் போவேன். அம்மா சொன்னபடி குரலைத் தாழ்த்தி, அதே வாக்கியத்தை மறுபடியும் கேட்பேன்.