செல்ஃப் எடுக்கலன்னா உடனே பேட்டரியா? யோவ்!

பைக்ல செல்ஃப் எடுக்கலன்னு மெக்கானிக்கிட்ட சொல்லி முடிக்கல, அதுக்குள்ள "பேட்டரி போச்சு சார், மாத்திடலாம்"ங்கறான். மீட்டர் வச்சுப் பாத்தியா? இல்ல. ஹார்ன் அடிச்சுப் பாத்தியா? அதுவும் இல்ல. செல்ஃப் அமுக்கும்போது ஸ்பீடோமீட்டர்ல லைட் மங்குதான்னு குனிஞ்சு ஒரு பார்வை கூட இல்லய்யா, நேரா பேட்டரி, 2,000 ரூபா கிட்ட பில்லு.

சரி மாத்தியாச்சு, அப்புறமும் அதே டக்... டக்... செல்ஃப் மோட்டாருக்கு கரண்ட் விடற சுவிட்சு இருக்கே, அந்த ரிலே மட்டும் சவுண்டு குடுக்குது, இன்ஜின் அசையவே இல்ல. அதுக்கு ஒரு விளக்கம் சொன்னான் பாருங்க, "புது பேட்டரி சார், நல்லா சார்ஜ் ஏற கொஞ்சம் ஓட்டணும்"னு. ஓட்டணும்னா மொதல்ல ஸ்டார்ட் ஆகணும்லய்யா! கிக்கராவது இருந்தா உதைச்சுட்டு போயிருப்பேன், இப்ப வர்ற நிறைய பைக்ல அதையும் புடுங்கிட்டானுங்க, செல்ஃப் செத்தா நடுரோட்ல செகண்ட் கியர போட்டு தள்ள வேண்டியதுதான், அதுலயும் இன்ஜெக்ஷன் வண்டில பேட்டரி நெஜமாவே சுத்தமா காலின்னா பெட்ரோல் பம்ப் ஓடாது, தள்ளியும் புண்ணியம் இல்ல. என்னுது தள்ளுனா எடுக்குதுடா, அப்ப பேட்டரில உயிர் இருக்குன்னு தெரிய வேணாமா உனக்கு?

கடுப்பாகி வீட்லயே உக்காந்துட்டேன். 300 ரூபா மல்டிமீட்டர் போதும் இதுக்கு. சும்மா இருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டணும், செல்ஃப் அமுக்குனா 10க்கு கீழ படுத்துச்சுன்னா பேட்டரி மேல சந்தேகப்படு, நியாயம். இங்க அமுக்குனாலும் 12.4லயே நிக்குது. அதாவது மோட்டார் கரண்டே இழுக்கல, இழுக்காத கரண்டுக்கு பேட்டரி என்னய்யா பண்ணும்? அடுத்து ரிலேல மோட்டாருக்குப் போற தடி வயர், அமுக்குனா 12 வருது, ரிலே ஓகே. மோட்டார் மேல இருக்கற ரப்பர் மூடிய தூக்கிட்டு, செவப்பு முனைய டெர்மினல்லயும் கருப்பு முனைய மோட்டார் பாடிலயும் வச்சா அங்கயும் 12, அப்ப எர்த்தும் ஓகே. வாசல் வரைக்கும் கரண்ட் வந்து நிக்குது, உள்ளதான் ஆள் இல்ல. ஸ்பேனர் பின்பக்கத்தால மோட்டார லேசா தட்டிக்கிட்டே அமுக்குனேன், கிர்ர்ருன்னு சுத்துச்சு. உள்ள சுத்தற பாகத்துக்கு கரண்ட் குடுக்கற கார்பன் துண்டு தேஞ்சிருக்கு, முடிஞ்சது கதை. ஒரு டீ குடிக்கற நேரம் ஆகாது இதெல்லாம் பாக்க.

கழட்றது அடுத்த கொடும. பேட்டரி மைனஸ எடுத்துட்டு ரெண்டே ரெண்டு போல்ட்டுதான், ஆனா உள்பக்க போல்ட்டு தலைய ஏற்கனவே எவனோ ஒரு மகராசன் சைஸ் பத்தாத ஸ்பேனர் போட்டு உருட்டி வச்சிருக்கான், எந்த சர்வீஸ்ல எவன் பண்ணான்னு யாருக்குத் தெரியும். பாக்ஸ் ஸ்பேனர் விட்டா வழுக்குது, கட்டிங் பிளேயர்ல பிடிச்சா வழுக்குது, எண்ணெய் ஸ்ப்ரே அடிச்சு ஊறவிட்டு, கடைசில சின்ன உளிய ஓரத்துல வச்சு சுத்தியலால தட்டித் தட்டி திருப்புனேன், நடுவுல கை நழுவி விரல் முட்டி ரெண்டும் கிரான்க் கேஸ்ல இடிச்சு தோல் போச்சு.

பின்மூடிய தெறந்தா கறுப்பு மாவு கொட்டுது. கார்பன் வயர் வரைக்கும் தேஞ்சு கெடக்கு, ஸ்பிரிங் தள்ளியும் கம்யூட்டேட்டர, அதாவது சுத்தற பாகத்தோட செப்பு வளையத்த, தொட ஆளில்ல. மத்தபடி வைண்டிங் நல்லாருக்கு, பேரிங் நல்லாருக்கு. ரெண்டு துண்டு கார்பன், அவ்ளோதான் செலவு.

ஷோரூம் கவுண்டர்ல கேட்டா "கார்பன் தனியா வராது சார், அசெம்பிளிதான்", அதாவது முழு மோட்டாரா வாங்கணுமாம். 3,000 ரூபாய்க்கு மேல! சென்னைல ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கற புதுப்பேட்டைலயும் ஜி.பி. ரோட்லயும் கடை கடையா ஏறி எறங்குனேன், ஒண்ணு அகலம் ஜாஸ்தி, ஒண்ணு ஒயரம் பத்தல, "தேய்ச்சு போட்டுக்கங்க சார்"னு ஒருத்தன் அட்வைஸ் வேற. ஆபீஸ் போகணுமே, வேற வழியில்லாம ஒரு கடைல புது மோட்டாரயே வாங்குனேன். மோட்டார் மூக்குல இருக்கற ரப்பர் வளையம், அந்த ஓ ரிங்ல எண்ணெய் தடவி, தட்டாம கொள்ளாம உள்ள தள்ளுனா அழகா ஒக்காருது. டெர்மினல் நட்ட மட்டும் வீரத்தக் காட்டி முறுக்காதீங்க, உள்ள இருக்கற ஸ்டட்டே சேர்ந்து சுத்தி இன்சுலேஷன் ஒடஞ்சா புது மோட்டாரும் காலி. மாட்டுனேன், அமுக்குன உடனே எடுத்துச்சு.

இதுல எனக்கு இன்னும் அடங்காதது எதுன்னா, மோட்டார் வாங்குன கடைக்காரன் பில்லு போட்டுக்கிட்டே "பழச குடுத்துட்டுப் போங்க சார், 150 ரூபா தரேன்"னான். எதுக்குன்னு கேட்டா காப்பருக்காம். பக்கத்துலயே தொடச்சு பளபளன்னு அடுக்கி வச்சிருந்தான் ரீகண்டிஷன் மோட்டாரு, ஒண்ணு 1,200 ரூபா. ஏன்யா, அதுக்கெல்லாம் மட்டும் கார்பன் எங்கேர்ந்துய்யா வருது?