கிலோ குறையுது, சரி. குறைஞ்சது நிக்குதா?

அரிசியையும் களியையும் விட்டுட்டா உடம்பு இளைக்குமான்னு எங்க மருந்துக்கடைக்கு வர்றவங்கள்ல யாராவது ஒருத்தர் தினமும் கேட்கிறார். இளைக்கும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பேலியோ, கீட்டோ, லோ கார்ப் என்று எந்தப் பேரில் வந்தாலும் சரி, மாவுச்சத்தை வெட்டினால் முதல் சில மாதங்களில் எடை இறங்கத்தான் செய்யும். ஆனால் கேட்கிறவர் யாருக்கும் மூன்று மாதத்துக்கு மட்டும் இளைக்க ஆசை இல்லை. முழங்கால் வலி தீரவேண்டும், சர்க்கரை கட்டுக்குள் இருக்கவேண்டும், அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் அப்படியே இருக்கவேண்டும். அந்தக் கேள்விக்கு இந்த டயட் பிளான்கள் எதுவும் நேர்மையாகப் பதில் சொல்வதில்லை. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதல் வாரத்தில் ஏன் அவ்வளவு வேகமாகக் குறைகிறது? நம் உடம்பு ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் ஏறக்குறைய அரை கிலோ மாவுச்சத்தைக் கையிருப்பில் வைத்திருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். சோற்றை நிறுத்தியதும் இந்தக் கையிருப்பு கரைகிறது, தண்ணீரும் கூடவே வெளியேறுகிறது. "ஒரே வாரத்துல ரெண்டு கிலோ போச்சுங்கண்ணா" என்று சந்தோஷமாக வந்து சொல்பவரிடம் போனதில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது. ஆனால் சொல்லித்தான் ஆகவேண்டும். பழையபடி ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் அந்த இரண்டு கிலோ இரண்டே நாளில் திரும்பி வரும். அதைப் பார்த்துப் பயந்து மொத்தத்தையும் கைவிட்டவர்கள் நிறையப் பேர்.

தண்ணீருக்குப் பிறகு கொழுப்பும் குறைகிறது, அது நிஜம். முட்டையும் கறியும் பனீரும் சாப்பிட்டால் புரதம் பசியை அடக்கும். அதைவிடப் பெரிய காரணம், டீக்கடை போண்டா, காவேரிப்பட்டணம் நிப்பட், சாயங்கால மிக்சர், நாளுக்கு நான்கு சர்க்கரை டீ எல்லாம் ஒரே அடியாக நின்றுவிடுவது. அதுவே பல நூறு கலோரி.

இனி நிலைப்பது பற்றி. 2003-ல் அமெரிக்காவில் 63 பேரை வைத்து, மாவுச்சத்தை வெட்டும் அட்கின்ஸ் முறையையும் வழக்கமான கொழுப்பு குறைந்த உணவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆறாவது மாதத்தில் அட்கின்ஸ் முன்னால் நின்றது. ஒரு வருஷ முடிவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. 2009-ல் 811 பேரை நான்கு விதமான உணவுமுறைகளில் போட்டு இரண்டு வருஷம் பின்தொடர்ந்தார்கள். நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது, ஒரு வருஷத்துக்குப் பிறகு மெல்ல ஏறவும் ஆரம்பித்தது. 2018-ல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேர். ஒரு வருஷத்தில் கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இளைத்தார்கள். புள்ளியியல் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் இரண்டு குழுவுக்குள்ளும் இருந்த ஏற்றத்தாழ்வைப் பாருங்கள்: 25 கிலோவுக்கு மேல் இறங்கியவர்களும் உண்டு, ஏறியவர்களும் உண்டு. ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம், முறைக்கு முறை உள்ள வித்தியாசத்தைவிடப் பல மடங்கு பெரியது.

எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது இஸ்ரேலில் டிமோனா என்ற ஊரில் நடந்தது. 322 பேர், பெரும்பாலும் ஆண்கள், ஒரே இடத்தில் வேலை பார்ப்பவர்கள். இரண்டு வருஷம். மதியச் சாப்பாடுதான் அவர்களுக்குப் பிரதான உணவு, அது வேலை செய்யும் இடத்துக் கேன்டீனிலேயே அவரவர் முறைப்படி கிடைத்தது. 2008-ல் முடிவு வந்தபோது மாவுச்சத்து குறைத்தவர்கள் சராசரியாக 4.7 கிலோவும், மத்தியதரைக்கடல் பாணியில் சாப்பிட்டவர்கள் 4.4 கிலோவும், கொழுப்பு குறைத்தவர்கள் 2.9 கிலோவும் இளைத்திருந்தார்கள். லோ கார்ப் ஆதரவாளர்கள் எல்லோரும் காட்டுவது இந்த முடிவைத்தான். அதற்கப்புறம் நடந்ததை யாரும் பேசுவதில்லை. ஆய்வு முடிந்து நான்கு வருஷம் கழித்து அவர்களையே திரும்ப எடை பார்த்தார்கள். ஆறு வருஷக் கணக்கில் லோ கார்ப் குழுவுக்கு மிஞ்சியது 1.7 கிலோ. மத்தியதரைக்கடல் குழுவுக்கு 3.1 கிலோ. அதாவது தானியம், பருப்பு, காய், மீன், எண்ணெய் என்று எதையும் முழுசாக விலக்காமல் அளவோடு சாப்பிட்டவர்களுக்குத்தான் அதிகம் நிலைத்தது. ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு வேலைக்குப் போகும் தம்பிகள் இதை யோசித்துப் பாருங்கள். ஒரு வேளையோ இரண்டு வேளையோ உங்கள் சாப்பாடு கம்பெனி கேன்டீன் கையில் இருக்கிறது. சாம்பார் சாதத்தோடு ஒரு முட்டை, ஒரு கப் சுண்டல் கூடுதலாக வைக்கச் சொல்லி நீங்கள் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால், அது எந்த டயட் பிளானையும்விட அதிக நாள் நிற்கும்.

திரும்ப எடை ஏறியவர்கள் "எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லீங்க" என்று தலைகுனிந்து சொல்வதைக் கேட்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது. 2011-ல் ஆஸ்திரேலியாவில் வந்த ஓர் ஆய்வு, எடை குறைத்து ஒரு வருஷம் ஆன பிறகும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை என்று காட்டியது. இளைத்த உடம்புக்குத் தேவைப்படும் கலோரியும் முன்னைவிடக் குறைவு. பசி கூடுதல், தேவை குறைச்சல், இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர்கள் மல்லுக்கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அதைக் குற்றமென்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

நம்ம ஊர் அடுப்படிக்கு வருவோம். எங்கள் தெருவில் ஒரு அக்கா. கணவர் பேலியோ ஆரம்பித்தார். விடிகாலையில் எழுந்து அவருக்கு பாதாம் வறுத்து, வெண்ணெய் டீ போட்டு, மதியத்துக்கு நான்கு முட்டை, காலிஃபிளவர் பொரியல். மாமியாருக்குக் களி. நொய்யை வேகவைத்து ராகி மாவைக் கொட்டி, சட்டியைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு துடுப்பால் கிண்டுகிற வேலை. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளுக்கு இட்லியோ சோறோ. மூன்று சமையல் முடித்து, மிச்சமானதை வழித்து அக்கா சாப்பிடுவார். அந்த வீட்டில் எடை அதிகமாக இருந்ததும், முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்கியதும் அந்த அக்காதான். கணவர் நன்றாக இளைத்தார். மாமியார் உடம்புக்கு முடியாமல் படுத்த மாதம் அக்காவால் மூன்று சமையல் செய்ய முடியவில்லை. டயட்டும் அத்தோடு நின்றது. ஒருவர் இளைக்க இன்னொருவர் விடிகாலையில் எழவேண்டியிருக்கிற எந்தத் திட்டமும் நிலைக்காது. சமைப்பவரைக் கேட்காமல் டயட் ஆரம்பிக்காதீர்கள் என்று ஆண்களிடம் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

செலவும் இருக்கிறது. பேலியோவில் ஒரு வேளைக்குச் சாப்பிடச் சொல்லும் நூறு பாதாம் என்றால் கிட்டத்தட்ட 120 கிராம், ஏறக்குறைய 700 கலோரி, இன்றைய விலைக்கு நூறு ரூபாய் பக்கம். 2025-26-ல் நூறுநாள் வேலைக்கு அரசு நிர்ணயித்த ஒரு நாள் கூலியே 336 ரூபாய். பென்னாகரத்திலும் அரூரிலும் கூலிக்குப் போகிற குடும்பத்திடம் பாதாமைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

சரி, ராகிக்கு மாறினால் போதுமா? இதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். 100 கிராம் ராகியில் மாவுச்சத்து சுமார் 67 கிராம், அரிசியில் 78. நார்ச்சத்து ராகியில் 11 கிராம், அரிசியில் 3-க்கும் கீழே. கால்சியம் ராகியில் 364 மில்லிகிராம், அரிசி அதற்குக் கிட்டவே வராது. நல்ல தானியம், சந்தேகமில்லை. 2023-ல் நம்ம தர்மபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தபோது நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் தேங்காய் அளவு களி உருண்டை இரண்டை உள்ளே தள்ளிவிட்டு "நான் அரிசியே தொடறதில்லீங்க" என்றால் சர்க்கரை குறையாது. ஏரோட்டியவர்களுக்கும் கல்லுடைத்தவர்களுக்கும் அந்த அளவு தேவைப்பட்டது. நாம் பைக்கில் போய்ப் பைக்கில் வருகிறோம்.

இப்போது மருந்துக்கடைக்காரனாக நான் பயப்படும் விஷயம். தயவுசெய்து இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், டாக்டரைக் கேட்காமல் திடீரென்று சோற்றையும் களியையும் நிறுத்தினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். எங்கள் கடை வாசலிலேயே ஒருவர் அப்படி உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வேர்வை, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. பக்கத்துக் கடையிலிருந்து சர்க்கரை கரைத்த தண்ணீர் வாங்கிக் கொடுத்து, தெளிந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ கொடுத்த மெனுவை முந்தின நாள்தான் ஆரம்பித்திருந்தார். மாத்திரை வழக்கம்போல முழு டோஸ்.

இன்னொரு வகை மாத்திரை இருக்கிறது: டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின். விலை இறங்கிய பிறகு நம்ம பக்கம் நிறையப் பேர் எடுக்கிறார்கள். இதை எடுத்துக்கொண்டே கீட்டோவில் இருந்தால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடிவிடும் ஆபத்து உண்டு. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது இருந்தால், மிஷினில் சர்க்கரை நார்மல் காட்டுகிறது என்று வீட்டில் இருக்கக்கூடாது, உடனே ஆஸ்பத்திரி. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். அந்தத் திட்டத்தில் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் அக்காக்களிடமாவது "நான் சாப்பாட்டை மாத்தியிருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். டாக்டர் மாத்திரையைக் குறைப்பார். நீங்களாகக் குறைக்காதீர்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இதைப் படித்துவிட்டு "பாத்தீங்களா, பேலியோன்னாலே ஆபத்து" என்று கிளம்பும் கூட்டத்தோடும் எனக்கு உடன்பாடு இல்லை. முகநூலில் பேலியோ குழுக்கள் வந்த பிறகுதான் நம்மவர்கள் தாங்களாகவே ரத்தப் பரிசோதனை செய்து ரிப்போர்ட்டைப் படிக்கக் கற்றார்கள். முட்டையைப் பார்த்துப் பயந்த பயம் போயிற்று. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு மாவுச்சத்தைக் குறைப்பது முதல் ஆறு மாதத்தில் நல்ல பலன் தருகிறது என்பதற்கு ஆய்வுகளே இருக்கின்றன. ஒரு வருஷத்தில் அந்த வித்தியாசம் சுருங்குகிறது, அவ்வளவுதான். "சோறுதான் நம்ம பாரம்பரியம்" என்பவர்களுக்கும் ஒன்று. நம்ம மாவட்டங்களில் தினசரிச் சோறு என்பது தாத்தா காலத்துப் பழக்கம் அல்ல. களி, சாமை, கொள்ளு, அவரை, துவரை என்று இருந்த வயிறு இது. நெல்லுச்சோறு நோன்புக்கும் பண்டிகைக்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சர்க்கரை வியாதி பற்றி நாடு முழுக்க எடுத்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு, இந்தியர்கள் கலோரியில் சுமார் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்தே எடுக்கிறோம் என்கிறது. அதே ஆய்வின் தரவை வைத்து 2022-ல் கணக்கிட்டவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் இதை 49 முதல் 54 சதவீதத்துக்கு இறக்கிப் புரதத்தைக் கூட்டச் சொன்னார்கள். கவனியுங்கள், பத்து சதவீதத்துக்குக் கொண்டுபோகச் சொல்லவில்லை. 62-ஐ 50 ஆக்கினால் போதும். அது நம்ம சட்டியிலேயே நடக்கக்கூடியது.

எடை குறைத்து வருஷக்கணக்கில் அப்படியே வைத்திருக்கும் சிலரை எனக்குத் தெரியும். ஒருவர் காவேரிப்பட்டணம் பக்கம், டைலர். யாருடைய பிளானும் இல்லை. களி உருண்டையைப் பாதியாக்கினார், கொள்ளுக் கடைசலை இரண்டு மடங்காக்கினார். கொள்ளில் நூறு கிராமுக்கு 22 கிராம் வரை புரதம் இருக்கிறது. ராத்திரி முட்டை இரண்டு, கீரை. டீயில் சர்க்கரை கிடையாது. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாரத்துக்கு வேண்டிய காயை மொத்தமாக வாங்கிவிடுகிறார். செந்தூராவும் மல்கோவாவும் குவிகிற மாதங்களில் பழம் சாப்பிடத்தான் செய்கிறார், அன்றைக்குக் களியோ சோறோ ஒரு வேளை இல்லை. அவர் குறைத்தது மெதுவாகத்தான், ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அவர் வீட்டில் எல்லோரும் ஒரே சட்டியில்தான் சாப்பிடுகிறார்கள்.

90 நாள் பேக்கேஜ், பவுடர், ஷேக் என்று காசு வாங்குபவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். "உங்ககிட்ட ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி முடிச்சவங்க இப்ப எத்தனை கிலோ இருக்காங்க?" முன்னே பின்னே போட்டோக்களைக் காட்டினால் அதில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். தேதி இல்லாத போட்டோவுக்குப் பணம் கட்டாதீர்கள்.

இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் எடை குறைத்து இரண்டு வருஷம் தாண்டியவர்கள் கண்டிப்பாக இருப்பீர்கள். எந்த முறை என்றாலும் பரவாயில்லை, கீட்டோவில் நிலைத்தவர்களும் எழுதுங்கள், எனக்கு அது கட்டாயம் தெரியவேண்டும். என்ன சாப்பிடுகிறீர்கள், மாசம் எவ்வளவு செலவு, வீட்டில் யார் சமைக்கிறார்கள், மற்றவர்களும் அதையேதான் சாப்பிடுகிறார்களா, என்ன மாத்திரை இருந்தது, யார் குறைத்தார்கள், இவ்வளவும் சொல்லுங்கள். கடைக்கு வந்து கேட்பவர்களுக்கு நான் அதையெல்லாம் எடுத்துக் காட்டுகிறேன்.